வர்ணத்துக்கு முந்திய வேலை

மோட்டார்க் காரின் வரலாற்றை எழுதினோர் பலர். அவருட் பெரும்பாலோர் அதன் இயந்திரத்தின் வரலாற்றையே எழுதினர். நீராவி இயந்திரம் போய்ப் பெற்றோல் இயந்திரம் வந்தவாறும், இரும்புப் பட்டம் போய் இரப்பர்ச் சில்லு வந்தவாறும் பள்ளிச் சிறாரும் அறிவர். காரின் மேனி எவ்வாறு மழமழப்பாயிற்று என்று வினவுவார் அரியர். கண்ணாடிபோல் மின்னும் காரொன்றின் முன் நிற்பவன் வர்ணத்தைப் பார்க்கிறான். வர்ணத்தைத் தாங்கிநிற்கும் தளத்தைப் பார்ப்பதில்லை. அத்தளம் கண்ணிற்படாதிருத்தலே அதனை ஆக்கியவனுடைய வெற்றியுமாம். பள்ளத்தைப் பட்டியால் நிரப்பி, மேட்டைத் தேய்த்துக் குறைத்து, தகட்டை வர்ணத்துக்கு ஆயத்தஞ் செய்யும் இத்தொழிலுக்கும் ஒரு வரலாறு உண்டு. விரைவை நாடி மனிதன் ஓடிய ஓட்டமும், அவ்வோட்டத்தில் எழுந்த தூசியை யார் சுவாசித்தார் என்பதும் அவ்வரலாற்றில் அடங்கும்.

கார் தோன்றுமுன்னரே இக்கலை முதிர்ந்திருந்தது. இலண்டன் மாநகரிலே லோங் ஏக்கர் என்னும் வீதி பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளிற் குதிரைவண்டி செய்வோரின் வீதியாக விளங்கியது. செல்வர் வண்டியொன்றுக்கு வர்ணம் ஏற்றி முடிக்க வாரங்கள் பல சென்றன. மரப்பலகையின்மேல் முதலில் ஈயவெள்ளையை ஆளிவிதை எண்ணெயிற் குழைத்த அடிப்பூச்சு இடுவர். அது காய்ந்தபின் ஆணிக்குழிகளிலும் பொருத்துகளிலும் பட்டி அடைப்பர். அதன்மேல் மஞ்சட்காவி போன்ற மண்பொடியையும் ஈயவெள்ளையையும் வார்னிஷிலும் டேர்ப்பன்டைனிலும் கலந்த தடித்த நிரப்புப் பூச்சு, ஒன்று காய்ந்தபின் ஒன்றாகப் பலமுறை ஏறும். நிறப்பூச்சும் வார்னிஷும் அதற்குப் பின்னரே. உயர்ந்த வண்டியாயின் எல்லாமாகப் பதினைந்து, இருபது பூச்சுகள் வரை செல்லும். வார்னிஷ் பூசும் அறையிலே தூசி எழாதவாறு தரையில் நீர் தெளித்து, கதவடைத்து, மூச்சையும் அடக்கி வேலைசெய்தார்கள் என்றால் மிகையாகாது.

ஈயவெள்ளை வேறு, வெள்ளீயம் வேறு என்பதை இவ்விடத்திலேயே கூறிவிடுதல் நன்று. முன்னையது ஈயத்திலிருந்து செய்யப்படும் வெள்ளைப் பொடி, வர்ணத்துக்கு உரியது. பின்னையது தகரத் தகட்டுக்கு முலாமிடும் உலோகம். இரண்டும் இவ்வரலாற்றிலே வருவன.

இவ்வண்டி வர்ணகாரர் கையாண்ட உபாயங்களுள் ஒன்று சற்று நின்று நோக்கத் தக்கது. நிரப்புப் பூச்சு இறுகியபின் அதன்மேல் வேறு நிறமான மெல்லிய பூச்சொன்றை ஓடவிடுவர். கீழே மஞ்சளாயின் மேலே செம்மையோ கருமையோ இருக்கும். பின்னர் நுரைக்கல்லை நீரிற் தோய்த்து மேற்பரப்பு முழுவதையும் தேய்ப்பர். மேடான இடத்தில் மேல்நிறம் விரைவில் அழியும். பள்ளத்தில் அது அழியாது தங்கும். பலகையின் குறைகளெல்லாம் படம் வரைந்தாற்போல் வெளிப்பட்டுவிடும். மேல்நிறம் எங்கும் ஒருசேர மறையும்வரை தேய்த்தால் தளம் மட்டமாயிற்று என்பது துணிபு. ஒளி விழும் பக்கத்தைப் பொறுத்துக் கண் ஏமாறும். நெடுநேரந் தடவிய கையும் ஏமாறும். ஆதலால் கண்ணையும் கையையும் நம்பாது ஒரு சான்றை வைத்துக்கொண்டார்கள். வழிகாட்டிப் பூச்சு எனப்பட்ட இவ்வுபாயத்தைக் கண்டவர் யாரென வரலாறு பெயர் குறிக்கவில்லை. பட்டறைகளிலே பிறந்து வாய்வழியாகவும் கைவழியாகவும் பரவியது போலும்.

நீரோடு நுரைக்கல் கொண்டு தேய்க்கும்போது தூசி எழுவதில்லை, குழம்பாகி வழிந்துவிடும். ஆயின் எல்லா வேலையும் அவ்வாறு நடைபெறவில்லை. மரத்துக்கு நீர் ஆகாது. அதற்குரிய நேரமும் மிகுதி. ஆதலாற் பல பூச்சுகளை உலர்ந்த அரத்தாளாலேயே தேய்த்தார்கள். அவ்வேளை எழுந்த வெண்தூசி ஈயத்தூசி. முரசிலே நீலக்கோடு தோன்றுதல், தாங்கொணா வயிற்றுவலி, மணிக்கட்டுத் தளர்ந்து கை தொங்குதல் என்னும் குறிகளோடு வண்டி வர்ணகாரர் நோயுற்றனர். பிரித்தானியாவிலே ஈயநஞ்சு கண்டால் அரசுக்கு அறிவித்தல் வேண்டும் என்பது 1895ஆம் ஆண்டுச் சட்டத்தால் விதிக்கப்பட்டது. 1898இல் தொழிற்சாலைகளின் முதலாவது மருத்துவப் பரிசோதகராக நியமனம் பெற்ற தோமஸ் லெக் என்பார், வண்டித் தொழிலில் உலர்தேய்ப்பே பெருந்தீங்கு எனக் கண்டு, நனைத்துத் தேய்த்தலை வற்புறுத்தினார். தொழிலாளி தானே செய்யவேண்டிய பாதுகாப்பு பெரிதும் தோற்கும். அவனுடைய விருப்பத்தையும் நினைவையும் பொறுத்திராத பாதுகாப்பே நிலைக்கும் என்பது அவர் கொள்கை. ஈயவெள்ளைபற்றி 1921இல் ஜெனீவாவில் நிறைவேறிய சர்வதேச உடன்படிக்கையைத் தம் அரசு ஏற்க மறுத்தமையால் 1926இல் அவர் தம் பதவியையே துறந்தார். அத்தகைய உத்தியோகத்தர் எந்நாட்டிலும் பலர் இல்லை.

இந்நிலையிலே மோட்டார்க் கார் வந்தது. முதற் கார்கள் குதிரையில்லாத குதிரைவண்டிகளே. வர்ணமும் வண்டி வர்ணமே. 1913இல் ஹென்றி போட் தம் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் தொடர்வரிசையை அமைத்தார். பன்னிரண்டரை மணித்தியாலம் எடுத்த அடிச்சட்ட வேலை அடுத்த ஆண்டிலே 93 நிமிடத்தில் முடிந்தது. வர்ணமோ நாட்கணக்கை விட்டு இறங்க மறுத்தது. போட் கம்பெனியார் 1914 தொடக்கம் 1925 வரை தங்கள் 'ரி' மாதிரிக் காரைக் கறுப்பு ஒன்றிலேயே விற்றமை உலகறிந்தது. கறுப்பு விரைவில் உலரும் என்பதே அதற்கு வழக்கமாகக் கூறப்படும் காரணம். கறுப்பு மலிவானது, உறுதியானது, எல்லாக் கார்களுக்கும் ஒன்றாக இருப்பதால் வேலை தடைப்படாது என்பனவும் சேர்த்தே எண்ணத் தக்கன. மட்காட் முதலிய தனிப்பாகங்களை வர்ணத்தொட்டியில் அமிழ்த்தி உலையிற் சுட்டார்கள். உடற்கூட்டின்மேல் குழாய்வழி வர்ணத்தை ஊற்றி வழியவிட்டார்கள். பலவகை நிறங்கொண்ட விலையுயர்ந்த கார்களுக்கோ பழைய முறைதான். அவற்றுக்கு இரண்டு முதல் நான்கு வாரம் வரை தேவைப்பட்டது. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கார்களை ஆக்கும் தொழிற்சாலை அத்தனை கார்களையும் வாரக்கணக்கில் எங்கே நிறுத்திவைப்பது?

விடை ஒரு வெடிமருந்துக் கம்பெனியிலிருந்து வந்தது. முதலாம் உலகப்போர் 1918இல் முடிந்தபோது டூ பொன்ற் கம்பெனியிடம் வெடிபஞ்சு செய்யும் வல்லமை மிஞ்சிக் கிடந்தது. வெடிபஞ்சு என்பது நைத்திரோ செலுலோசு. அதனைக் கரைத்து வர்ணமாக்கலாம் என்பது முன்பே தெரிந்திருந்ததாயினும், கரைசல் பாகுபோற் தடித்திருந்தமையாற் பயன் அரிதாயிருந்தது. 1920இல் அக்கம்பெனியின் இரசாயனர் தற்செயலாக நீர்த்த கரைசலொன்றைக் கண்டார்கள். ஜெனரல் மோட்டேர்ஸ் ஆராய்ச்சித் தலைவர் சாள்ஸ் கெற்றறிங்கின் குழுவினரும் அதன்மேல் உழைக்க, 'டூக்கோ' என்னும் வர்ணம் பிறந்தது. 1923இல் ஒக்லண்ட் என்னும் காருக்கு நீலநிறத்தில் அது முதலில் ஏறியது. வாரங்கள் மணித்தியாலங்களாகச் சுருங்கின. போட் கம்பெனியாரும் கறுப்பை விட்டு இறங்கவேண்டியதாயிற்று. 1927 மே மாதத்தில் 'ரி' மாதிரிக் காரையே நிறுத்தினர். இந்தியாவில் டூக்கோ என்பது கார் வர்ணத்துக்கே பொதுப்பெயராகிவிட்டது.

புதுவர்ணத்தைப் பூசத் தூரிகை ஒவ்வாது. தூரிகை இழுக்குமுன் வர்ணம் உலர்ந்துவிடும். அதற்குக் காற்றழுத்தத் துப்பாக்கி வேண்டும். தொலீடோ நகரத்து மருத்துவரான அலன் டி வில்பிஸ் தொண்டைநோயாளருக்கு மருந்து விசிறவென ஒரு கருவி செய்திருந்தார். அவர் மகன் 1907 அளவில் அதனை வர்ணம் விசிறும் துப்பாக்கியாக மாற்றியிருந்தார். தொண்டைக்குச் செய்தது தகட்டுக்கு உதவிற்று.

விரைவு வந்தது; அதனோடு ஓர் இடரும் வந்தது. பழைய எண்ணெய் வர்ணமும் வார்னிஷும் தடித்தவை. சிறு கீறல்களைத் தம்முள் மறைத்துக்கொள்ளும். செலுலோசு வர்ணம் கரைப்பான் ஆவியாகிப் போனபின் மிக மெல்லிய தோலாகவே எஞ்சும். கீழே உள்ள கீறலைக் காட்டிக்கொடுக்கும். மினுக்கம் ஏறஏற இன்னும் தெளிவாகக் காட்டும். ஆகவே, மேற்பூச்சின் நேரம் குறைந்தபோது கீழ்த்தளத்தில் தேவைப்பட்ட நயம் பெருகிற்று. வர்ணம் இயந்திரவேகம் பெற்றது; தேய்ப்பவன் கை அவ்வாறு பெறவில்லை.

தேய்ப்பவனுக்கு இக்காலத்தில் ஓர் உதவி கிடைத்தது. மினசோற்றா மாநிலத்திலே 1902இல் குருந்தக்கல் அகழவெனத் தொடங்கிய கம்பெனியொன்று, அகழ்ந்தது குருந்தமன்று, பயனற்ற வேறு கல் எனக் கண்டு, அரத்தாள் செய்யும் தொழிலில் இறங்கிப் பல்லாண்டு தத்தளித்தது. பின்னாளில் 3எம் எனப் பெயர்பெற்ற கம்பெனி அதுவே. பிலடெல்பியாவில் மைத்தொழில் செய்த பிரான்சிஸ் ஓக்கி என்பவர் அரத்தாளுக்குரிய மணற்பொடி வகைகள் அனைத்திலும் மாதிரி கேட்டு அதற்கு ஒரு கடிதம் விடுத்தார். மைகாரனுக்கு மணற்பொடி எதற்கு என ஐயுற்ற கம்பெனியார் ஆளனுப்பி விசாரித்தனர். நீரில் நனைத்தாலும் ஊறிப் பிரியாத அரத்தாளை அவர் ஆக்கியிருந்தார். 1921இல் அவருடைய உரிமையையும் அவரையும் கம்பெனியார் சேர்த்தே பெற்றனர். சவரக்கத்திக்குப் பதிலாகவும் நயமான அரத்தாளை விற்கலாம் என்று ஓக்கி பின்னாளில் வாதாடினாராம்; அதனை வாங்குவார் இலர். கார்ப் பட்டறைகளோ நீர் அரத்தாளை இரு கையாலும் ஏற்றன. கீறல் குறைந்தது, தாள் அடைபடாது நீடித்தது, எல்லாவற்றிலும் மேலாகத் தூசி அடங்கிற்று. தோமஸ் லெக் சட்டத்தாற் செய்ய முயன்றதன் ஒரு பங்கை ஒரு தாள் செய்துவிட்டது.

அந்த அரத்தாளின் மாதிரிகளைப் பட்டறைக்குக் கொண்டுசென்ற இளைஞன் ரிச்சட் ட்றூ. பொறியியற் படிப்பை இடைவிட்டவன். பான்ஜோ என்னும் நரம்பிசைக் கருவி வாசித்துப் பொருள் தேடியவன். இருவர்ணக் கார்கள் நாகரிகமாயிருந்த காலம் அது. ஒரு நிறம் பூசும்போது மற்றதை மறைக்கப் பத்திரிகைத் தாளைப் பசையால் ஒட்டுவர். உரிக்கும்போது புதுவர்ணமும் சேர்ந்து உரியும். வர்ணகாரன் ஒருவன் சினந்து திட்டியதைக் கேட்ட ட்றூ, தான் ஒரு வழி காண்பதாக வாக்களித்தான். இரண்டாண்டு முயற்சியின்பின் 1925இல் மறைப்பு நாடா வந்தது. பிறர் படும் பாட்டை நின்று கேட்கும் பொறுமை அவனிடமிருந்தது. அவன் கல்வியில் விடுபட்ட பங்கை அப்பொறுமை ஈடுசெய்தது எனலாம்.

இனி, பள்ளத்தை நிரப்புதல். மரச்சட்டம் போய் முழு உருக்கு உடற்கூடு வந்தபின், தகடுகளை ஒட்டிய பொருத்துகளும் மோதலில் விழுந்த நெளிவுகளும் நிரப்பப்பட வேண்டியனவாயின. பழைய எண்ணெய்ப்பட்டி உருக்கிற் தடிப்பாக நில்லாது, வெடித்துப் பெயரும். எனவே ஈயம் வந்தது. நூற்றுக்கு எழுபது பங்கு ஈயமும் முப்பது பங்கு வெள்ளீயமும் சேர்ந்த பற்றாசு ஓர் அரிய குணம் உடையது. 183 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். ஏறக்குறைய 255 பாகையில்தான் முற்றாக உருகும். இவ்விரண்டுக்கும் இடையில் அது களிமண்போல் நிற்கும். வேலைகாரன் தகட்டைச் சுரண்டி வெள்ளிபோலாக்கி, வெள்ளீய முலாம் பூசி, சுவாலையைக் காட்டிக்காட்டிப் பற்றாசை இளக்கி, தேன்மெழுகோ கொழுப்போ தடவிய மரத்தட்டினால் வழித்து உருவாக்குவான். சுவாலை சிறிது மிகுந்தால் எல்லாம் ஒழுகித் தரையில் விழும். குறைந்தால் மணல்போல் உதிரும். செங்குத்தான தகட்டில் இதனைச் செய்யக் கற்க ஆண்டுகள் வேண்டும். ஐம்பதுகளிற் கலிபோர்னியாவிலே மேர்க்குரிக் கார்களின் கூரையை வெட்டித் தாழ்த்தி, வெட்டுகளை ஈயத்தால் மறைத்துப் புதுவடிவங்கள் செய்த பாரிஸ் சகோதரர் போன்றோர் இக்கலையின் உச்சியைக் கண்டவர்கள்.

இறுகிய ஈயத்தை அரத்தாற் சீவுவது முறை. சீவல் கனத்துக் கீழே விழும். விரைவு வேண்டிய தொழிற்சாலைகளிலோ சுழலும் தேய்ப்புத் தட்டு வந்தது. நீர் அரத்தாள் அடக்கிய ஈயத்தூசியை அது மறுபடி எழுப்பிற்று. முப்பதுகளில் டெத்ரோயிற் நகரத்து உடற்கூட்டுத் தொழிற்சாலைகளில் ஈயந் தேய்ப்போரிடையே நஞ்சு பரவியது. பின்னர் அவ்வேலையைத் தனியறையில் அடைத்து, தேய்ப்பவன் தலைக்குக் கவசமிட்டுக் குழாய்வழி நற்காற்று ஊட்டினர்.

1942 பெப்ரவரியில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நிறுத்தப்பட்டது. சிங்கப்பூர் வீழ்ந்து, யாழ்ப்பாணத்தார் பலர் உத்தியோகம் பார்த்த மலாயா முற்றாக யப்பானியர் வசமாயிற்று. மலாயாவோடு அதன் வெள்ளீயமும் போயிற்று. பற்றாசுக்கு உயிர்நாடி வெள்ளீயம் ஆதலால், மாற்றுப்பொருள் தேடும் எண்ணம் வலுத்தது. போர்க்காலத்திலேயே கண்ணாடி நாரோடு சேர்த்து விமான உறுப்புகளுக்குப் பயன்பட்ட பொலியெசுத்தர்ப் பிசின் போரின்பின் பொதுவழக்கிற்கு வந்தது. 1953இல் கோர்வெற் என்னும் கார் அத்தகைய உடற்கூட்டோடு முந்நூறு ஆக்கப்பட்டது. 1955இல் மயாமியில் கார்த் திருத்தும் பட்டறை வைத்திருந்த, போரிற் சேவைசெய்து மீண்ட ரொபேட் மேர்ட்டன் ஸ்பிங்க் என்பவர் அப்பிசினிற் மாக்கற்பொடியைக் குழைத்து, கடினமாக்கும் பசையொன்றைக் கலந்தால் சில நிமிடங்களில் இறுகும் பட்டியை ஆக்கினார். அவர் இட்ட 'பொண்டோ' என்னும் பெயர் அமெரிக்காவிற் பட்டிக்கே பொதுப்பெயராயிற்று.

இப்பட்டிக்குச் சுவாலை வேண்டாம். ஆண்டுக்கணக்கான பயிற்சியும் வேண்டாம். கடினமாக்கும் பசைக்குச் சிவப்போ நீலமோ ஊட்டியிருப்பது அழகுக்கன்று. கலவை கோடின்றி ஒரே நிறமாகும்வரை பிசைந்தாலே சரிவரக் கலந்தது என அறிவதற்காம். பசை மிகுந்தால் பின்னர் மேல்வர்ணத்திற் கறைபடியும்; குறைந்தால் பட்டி பிசுபிசுக்கும். எமது நாட்டு வெப்பத்திலோ நினைத்ததிலும் விரைந்து இறுகிவிடும். தகட்டை முதலில் சுத்தியலாலும் தாங்குகட்டையாலும் இயன்றவரை நிமிர்த்தி, எஞ்சிய சிறு பள்ளத்துக்கு மாத்திரம் பட்டி இடுவது நேர்மையான வேலை. கால் அங்குலத்துக்கு மேல் அதனை நம்பலாகாது. ஆயின் எளிதிற் கிடைத்த பொருள் எளிதாகவே துர்ப்பிரயோகமும் ஆயிற்று. கறள் தின்ற ஓட்டையைச் சுரண்டாது அதன்மேல் ஓரங்குலம் பட்டி அப்பி, வர்ணம் விசிறி, விற்றுக் கைகழுவியவர் பலர். பழைய கார் வாங்குவோர் சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் கொண்டுசெல்லும் வழக்கம் அவர்களாலேயே தோன்றிற்று. காந்தம் ஒட்டாத இடத்திற் தகடில்லை அல்லது பட்டி தடித்திருக்கிறது. ஈயத்திலும் காந்தம் ஒட்டாது. ஆதலால் ஈயம் வைத்த பழைய நல்வேலை இச்சோதனையில் அநியாயமாகத் தோற்பதும் உண்டு.

புதிய பட்டி ஈயநஞ்சை விலக்கியது பெரும் நன்மையே. அதனோடு ஒரு முரண்பாடும் நேர்ந்தது. மாக்கற்பொடி நீரை உறிஞ்சும். உறிஞ்சிய ஈரம் வர்ணத்தின் கீழ் அடைபட்டுப் பின்னர்க் கொப்புளமாகும். தகட்டிலே கறளை வளர்க்கும். ஆகவே இப்பட்டியை நீர்விட்டுத் தேய்த்தலாகாது, உலரவே தேய்க்கவேண்டும். தூசியை அடக்க நூறாண்டு உழைத்த தொழில் மீண்டும் தூசிக்குள் இறங்கிற்று. ஈயத்தூசியைப்போல் அது கைகளை முடக்குவதில்லை என்பது உண்மை; மூச்சுக்கு நல்லதுமன்று. அதன்மேல் விசிறப்படும் இருகூட்டு வர்ணங்களில் உள்ள ஐசோசயனேற்று என்னும் பொருள் தொய்வுநோயைத் தோற்றுவிக்கும் என்பதும் பின்னர் அறியப்பட்டது. தேய்க்கும்போதே தூசியை இழுத்துக்கொள்ளும் கருவிகளும் முகக்கவசங்களும் இன்று உள்ளன. சிறுபட்டறைகளிலோ மூக்கிற் கட்டிய கைக்குட்டையே கவசம். அக்கைக்குட்டை லெக் கூறிய முதல் வகைப் பாதுகாப்பு.

இலங்கையில் இத்தொழிலுக்குத் தனிமதிப்பு ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் அறுபதுகளிற் கார் இறக்குமதி வெகுவாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977க்குப் பின்னரே அது தளர்ந்தது. பிரித்தானியக் கார்கள் தம் பிறந்த நாட்டில் பழைய இரும்பாகிய பின்னரும் இங்கு டிங்கர் வேலைகாரரின் கையில் உயிர்வாழ்ந்தன. யாழ்ப்பாணத்தில் 1990இன் பின் பொருளாதாரத் தடையும் பாதையடைப்பும் சேர்ந்தன. ஒஸ்ரின் ஏ40உம் மொறிஸ் மைனரும் சிறிது பெற்றோலிற் புறப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. இயந்திரத்தை ஓட்டிய உபாயத்தை எல்லாரும் நினைவுகூர்வர். கடற்காற்றின் உப்பு தின்ற மட்காட்டை வெட்டி, புதுத்தகடு ஒட்டி, பட்டி பார்த்தவரை நினைவுகூர்வோர் சிலரே. 2020 மார்ச்சு மாதம் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. அவ்வைந்தாண்டிலும் பழைய வாகனத்தையே புதுக்கி ஓட்டவேண்டியதாயிற்று. கராச்சுகளுக்கு வேலை குறையவில்லை.

அத்தகைய மொறிஸ் மைனர் ஒன்றின் மட்காட்டைச் சுரண்டினால் ஒரு நூற்றாண்டு ஏடேடாக உரியும். மேலே இருகூட்டு வர்ணம், அதன்கீழ் பொலியெசுத்தர்ப் பட்டி, அதன்கீழ் நிறம் மங்கிய செலுலோசு, சிலவற்றிற் பொருத்தடியில் மங்கலாக ஈயம். சுரண்டியவன் தகட்டை நிமிர்த்திப் புதிதாகப் பட்டி இடுகிறான். அது இறுகியபின் அதன்மேல் சிறிது கருநிறத்தை மெல்லிதாக விசிறுகிறான். பின்னர் அரத்தாளை ஒரு மரக்கட்டையிற் சுற்றிக் குறுக்கும் மறுக்கும் இழுக்கிறான். லோங் ஏக்கர் வீதியின் பெயரை அவன் கேள்விப்பட்டிருக்கமாட்டான். கருமை அழியாது நின்ற இடத்தை விரலாற் தொட்டுப் பார்த்து, அவ்விடத்துக்கு மறுபடி பட்டி குழைக்கத் தொடங்குகிறான்.